மேனேஜர் மாறிப்போன எஸ்டேட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூணாறு, தேவிகுளம் தொடங்கி பீர்மேடு, வண்டிப்பெரியாறு வரை உள்ள தேயிலை எஸ்டேட்களில், நல்ல பேர் எடுத்த ஒரு மேனேஜர் ஓய்வு பெற்றோ மாற்றலாகியோ போனதும் டிவிஷனுக்கு டிவிஷன் (எஸ்டேட்டின் ஒவ்வொரு பிரிவிலும்) ஒரே மாதிரியான கேள்விகள்தான் எழுகின்றன. அவற்றுக்கான பதில்கள் இவை. உதவி மேனேஜர், ஃபீல்ட் ஆபீசர், சூப்பர்வைசர், சங்கத்து யூனிட் பொறுப்பாளர், கொழுந்தெடுக்கும் பெண்கள் என எல்லோருக்குமாக எழுதியது. தனக்குப் பொருந்தாததை அவரவர் தாண்டிப் போகலாம்.

மேனேஜர் போனால் கூலி, போனஸ் மாறுமா?

மாறாது. நாட்கூலி, கேரளத்தில் மாநில அளவிலான முத்தரப்புத் தோட்டத் தொழிலாளர் கமிட்டியில் பேசி முடிவாவது. போனஸ் கம்பெனி மட்டத்தில் முடிவாகும். சட்டப்படி அது 8.33 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, 20 சதவீதத்தைத் தாண்டாது. இந்த இரண்டிலும் எஸ்டேட் மேனேஜருக்குப் பெரிய கை கிடையாது. பழையவர் இருந்தபோது போனஸ் கூடுதலாக வந்தது என்றால் அது அந்த வருஷத்துத் தேயிலை விலை. இதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் புதியவர்மேல் விழும் பழியில் பாதி இந்தக் குழப்பத்தில்தான் வருகிறது.

அப்படியானால் மாறுவது எது? எங்கே முதலில் தெரியும்?

தராசடியில், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் இடத்தில். ஆபீஸில் எல்லாம் அப்படியே இருக்கும், நோட்டீஸ் போர்டும் அப்படியே இருக்கும். மழை நாளில் கொழுந்து நனைந்து வரும்போதுதான் முதல் மாற்றம் வெளியே வரும். சாக்கு எடை போக, தண்ணீருக்கு எவ்வளவு கழிப்பது? தூறலுக்கு இவ்வளவு, அடைமழைக்கு இவ்வளவு என்று ஒரு பழக்கம் இருந்திருக்கும். யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். மேனேஜரின் வாய்ச்சொல்தான் அதற்குக் காவல். அவர் போனதும், மேலிருந்து கேள்வி வந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் நிறுவை போடுகிறவர் அரைக் கிலோ கூட்டிக் கழிப்பார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை என்றால் ஒரு ஆளுக்கு ஒன்றரைக் கிலோ. நாற்பது பேர் கொழுந்தெடுக்கும் கூட்டத்துக்கு 60 கிலோ. அன்றைய அளவை முடித்தவருக்கு மேற்கொண்டு பறிக்கும் கிலோவுக்குத்தான் கூடுதல் காசு என்பதால், இந்த ஒன்றரைக் கிலோ முழுதும் அந்தக் கூடுதல் காசிலிருந்துதான் போகும். சம்பளச் சீட்டில் 'கழிவு கூடியது' என்று எங்கும் இருக்காது. ஏதோ குறைகிறது என்ற உணர்வு மட்டும் லயத்துக்கு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பரவும்.

கழிவு நியாயமானதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. டிவிஷன் நிறுவைகளின் மொத்தத்தையும், அதே கொழுந்து ஃபேக்டரியில் இறங்கும்போது போடும் எடையையும் பத்து நாளைக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வண்டியில் வரும் வழியில் கொழுந்து கொஞ்சம் எடை இழக்கும், தண்ணீரும் வடியும். ஆகவே ஃபேக்டரி எடை சற்றுக் குறைவாக இருப்பதுதான் இயல்பு. கழிவு போட்ட பிறகும் ஃபேக்டரி எடை கூடுதலாக வந்துகொண்டிருந்தால், காட்டில் (தேயிலை பறிக்கும் இடத்தில்) அளவுக்கு மீறிக் கழிக்கிறார்கள். இதற்கு யாரையும் விசாரிக்க வேண்டாம், இரண்டு புத்தகம் போதும்.

நிறுவைக்கு அடுத்த இடம் மஸ்டர், அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பது. குழந்தையைப் பிள்ளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஓடி வருகிறவர் ஐந்து பத்து நிமிஷம் பிந்தினால் பழையவர் காலத்தில் பேர் விழுந்திருக்கும் (அன்றைய கூலிக் கணக்கில் ஏறியிருக்கும்). இப்போது திருப்பி அனுப்புவார்கள், அல்லது அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி.

'எழுதாத அனுமதி' என்று சொல்கிறார்களே, அதில் எவையெல்லாம் அடங்கும்?

மதிக்கப்பட்ட மேனேஜரின் நிர்வாகம் பெரும்பாலும் இவற்றால்தான் ஆனது. அவர் போகும்போது கூடவே போவதும் இவைதான்.

ஓய்வு பெற்றவர் லயத்து வீட்டைக் காலி செய்யும் நாள் ஒன்று. கிராஜுவிட்டி (பணிக்கொடை), கொடுக்கவேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் தரப்பட வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும். "பணம் கைக்கு வரும்வரை இருந்துகொள்ளம்மா" என்று மேனேஜர் சொல்லியிருப்பார். கோப்பில் அந்த வார்த்தை இராது. புதியவர் பட்டியலைப் பார்த்தால் அந்த வீடு 'அத்துமீறிக் குடியிருப்பு' என்று தெரியும். இதுபோல ஒரு வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் போனால் போதும், பத்து வருஷத்து நம்பிக்கை ஒரே நாளில் கரையும்.

வாரிசு வேலை இன்னொன்று. "உன் மருமகளை அடுத்த சீசனில் எடுத்துக்கொள்கிறேன்" என்ற வாக்குகள் ஒவ்வொரு டிவிஷனிலும் நாலைந்தாவது இருக்கும். ஒரே இடத்தை இரண்டு குடும்பங்களுக்குச் சொல்லியிருப்பதும் உண்டு. நல்லவர்களும் இதைச் செய்வார்கள்.

இவை தவிர: போடி, கம்பம், சங்கரன்கோவில் பக்கத்துச் சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போய் ஒரு நாள் பிந்தி வந்தால் கண்டுகொள்ளாதது; கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது) மிலாறை, அதாவது வெட்டிய குச்சிகளை, விறகுக்கு எடுத்துப்போக விடுவது; கோயில் திருவிழாவுக்கும் பள்ளிவாசல், சர்ச் விழாவுக்கும் கொழுந்து வண்டியை ஒரு நாள் தருவது; இரவில் பிரசவ வலி என்றால் கேட்காமலே ஜீப் வருவது; முழங்கால் போன மூத்த பெண்களைச் செங்குத்துக் காட்டுக்கு அனுப்பாமல் நர்சரியில் போடுவது. கடைசியாகச் சொன்னதில் கவனம் வேண்டும். புதியவர் கண்ணுக்கு அது 'நர்சரியில் ஆள் அதிகம்' என்று மட்டுமே தெரியும்.

போகிறவர் என்னென்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

கம்பெனி கேட்கும் ஒப்படைப்புக் குறிப்பில் ஏக்கர், கவ்வாத்து வருஷம், உரக் கணக்கு, ஸ்டோர் இருப்பு, வண்டிகள், வழக்குகள் எல்லாம் இருக்கும். அது தானாக நடந்துவிடும். விட்டுப்போவது வாக்குப் பட்டியல். ஒரு நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: யாருக்கு, என்ன சொன்னது, எப்போது, யார் முன்னால், இப்போது எந்த நிலையில். லயத்து வீடு, வாரிசு வேலை, முன்பணத் தவணை தள்ளிவைப்பு, இலகு வேலை, வீட்டுப் பழுது என்று ஐந்து தலைப்பு போதும். புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே தொடங்க வேண்டும். கடைசி வாரத்தில் எழுதினால் பாதி மறந்திருக்கும், மீதிக்கு விருந்துகள் விடாது.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு டிவிஷன் ஃபீல்ட் ஆபீசரையும் தனித்தனியே கூப்பிட்டு, "இதில் விட்டது எது?" என்று கேளுங்கள். பட்டியல் நீளும். அதன்பின் நிறைவேற்ற முடிந்ததை நிறைவேற்றிவிடுங்கள், முடியாததை அந்த ஆளிடமே போய் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கசப்பான வேலையை அடுத்தவர் தலையில் வைத்துப் போகிறவரை நாங்கள் நல்ல மேனேஜர் என்று சொல்ல மாட்டோம், எத்தனை மாலை விழுந்தாலும் சரி.

பிறகு இருவரும் சேர்ந்து நடக்க வேண்டும். ஒவ்வொரு டிவிஷனிலும் குறைந்தது ஒரு காலை மஸ்டர், ஒரு சாயங்கால நிறுவை. ஜீப்பில் சுற்றிக் காட்டுவது கணக்கில் சேராது. நிறுவையில் நிற்கும்போது பழையவர் வாயைத் திறக்காமல் இருந்தால், கழிவு எப்படிப் போடுகிறார்கள், யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் புதியவர் தானே பார்ப்பார்.

புதிதாக வந்தவர் எதைத் தொடாமல் இருப்பது நல்லது? எவ்வளவு காலம்?

நிறுவை, மஸ்டர் நேரம், கூட்டம் பிரித்திருக்கும் முறை, யார் எந்தக் காடு என்பது. இந்த நாலையும் குறைந்தது மூன்று கொழுந்துச் சுற்று (ஒரே காட்டை மறுபடி பறிக்க வரும் இடைவெளி) முடியும்வரை அப்படியே விடுங்கள். கையால் பறிக்கும் காட்டில் சுற்று 10 நாள் என்றால் ஒரு மாதம். கத்திரி போடும் காட்டில் சுற்று நீளம், ஒன்றரை மாதத்தைத் தாண்டலாம். இரண்டு சம்பள நாளையாவது பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் எஸ்டேட்டின் உண்மையான புகார்கள் சம்பளத்துக்கு மறுநாள்தான் வாயைத் திறக்கும்.

வந்து சேரும் மாதமும் முக்கியம். மாற்றல்கள் பெரும்பாலும் ஏப்ரலை ஒட்டி வருகின்றன. கோடை மழைக்குப் பிறகு கொழுந்து கொட்டும் காலம் அது. ஆளும் நேரமும் பற்றாத அந்த வாரங்களில் எதை மாற்றினாலும் 'கிலோவுக்காக மாற்றுகிறார்' என்றுதான் பேர் வரும். ஓணத்துக்கு முந்தைய போனஸ் நாட்களும் அப்படித்தான்.

சில விஷயங்களில் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மருந்தடிக்கிறவருக்குக் கையுறை, முகமூடி இல்லை என்றால் அன்றே வேலையை நிறுத்துங்கள். பெண்களிடம் அத்துமீறும் சூப்பர்வைசர், செக்ரோலில் (வருகை, கூலிப் பதிவேடு) வராத ஆளுக்குப் பேர் போடுவது, ஒழுகும் கூரைக்கடியில் ஓடும் மின்கம்பி ஆகியவையும் அப்படியே. "பழைய சார் இதைக் கண்டுக்க மாட்டார்" என்று யாராவது சொன்னால், அந்த வார்த்தையையே கவனியுங்கள். மதிப்புள்ளவர் காலத்திலும் கண்டுகொள்ளாமல் விட்டவை இருந்தன.

வழக்கமாக இருந்த ஒரு சலுகையைப் புதியவர் சட்டென்று நிறுத்த முடியுமா?

நினைத்த மாத்திரத்தில் முடியாது. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தின் 9-ஏ பிரிவு, வேலை நிபந்தனைகளில் மாற்றம் செய்ய 21 நாள் முன்னறிவிப்பு கேட்டது. அதன் நான்காம் அட்டவணையில் கூலி, வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றோடு, வழக்கமாகத் தந்துவந்த சலுகையை நிறுத்துவதும் நடைமுறையை மாற்றுவதும் சேர்க்கப்பட்டிருந்தன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும், அதன் 40-ஆம் பிரிவில், இதே 21 நாள் இருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம். 'வழக்கமான சலுகை' என்று நிறுவ வேண்டியது தொழிலாளர் தரப்பு. ஒருவருக்கு ஒருமுறை இரக்கப்பட்டுச் செய்தது வழக்கமாகாது. எல்லோருக்கும், ஆண்டாண்டாக, மறைக்காமல் நடந்ததென்றால் அது வேறு. வண்டி டிரிப் புத்தகம், ஸ்டோர் சீட்டு, திருவிழா நாளின் செக்ரோல் பக்கம் போன்றவைதான் சாட்சி. யூனிட் பொறுப்பாளர்கள் இவற்றின் தேதிகளை இப்போதே குறித்து வைக்கலாம். புதியவரோடு சண்டை வந்த பிறகு தேடினால் பழைய புத்தகம் கிடைக்காது.

மேனேஜர் நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் சூப்பர்வைசர்கள் திடீரென்று கடுமையாகிவிட்டார்களே, ஏன்?

அவர்கள்தான் அதிகம் பயந்திருக்கிறார்கள். பழையவரிடம் அவர்களுக்கு இருந்தது பல வருஷத்து அறிமுகம். ஒரு நாள் கிலோ குறைந்தால் 'எட்டாம் நம்பர் காடு கல்லுக்காடு, தெரியும்' என்று அவரே சொல்லிவிடுவார். புதியவருக்குக் காடு தெரியாது, எண்தான் தெரியும். எனவே சூப்பர்வைசர் எண்ணைக் காட்ட முனைகிறார்.

அதன் விளைவு கொழுந்தில் தெரியும். கிலோ வேண்டும் என்று விரட்டினால் இரண்டு இலையும் அரும்பும் போய், மூன்று நான்கு இலையும் முற்றலும் கூடைக்கு வரும். எடை நிற்கும். நூறு கிராம் கொழுந்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் இளங்கொழுந்தின் பங்கு 65-லிருந்து 50-க்கு இறங்கியிருக்கும். ஃபேக்டரியில் வாட்டம் (கொழுந்தை வாட வைப்பது) ஒரே சீராக வராது, தூளில் நார் கூடும், கொச்சி ஏலத்தில் விலை சரியும். அப்போது மேனேஜர் தரம் தரம் என்று சத்தம் போடுவார், சூப்பர்வைசர் மறுபடி பெண்களிடம் பாய்வார். எல்லாம் இரண்டே மாதத்தில் நடக்கும்.

இதற்கு மருந்து எளிது. தினசரி அறிக்கையில் கிலோவுக்குப் பக்கத்திலேயே இளங்கொழுந்துச் சதவீதத்தையும் காட்டின் தன்மையையும் (கவ்வாத்து முடிந்து எத்தனையாவது வருஷம், சரிவு, கடைசியாகப் பறித்த தேதி) எழுதச் சொல்லுங்கள். 'கிலோ ஏன் குறைந்தது?' என்பதற்கு முன்னால் 'எந்தக் காடு?' என்று கேட்கும் மேனேஜரிடம் பொய் எண் வராது.

"பழைய சார் இருந்தா இப்படியா நடக்கும்?" என்ற பேச்சுக்கு என்ன பதில் சொல்வது?

பதில் சொல்லாதீர்கள், பிரித்துப் பாருங்கள். அந்தப் பேச்சுக்குள் மூன்று வேறு விஷயங்கள் கலந்திருக்கும்: உண்மையிலேயே நின்றுபோன ஒரு நடைமுறை, நிறைவேறாத ஒரு வாக்கு, வெறும் நினைவு. முதலிரண்டுக்கும் தேதியும் பேரும் கேட்டால் கிடைக்கும். மூன்றாவதற்குக் கிடைக்காது.

இது இந்த மலைக்கு மட்டும் உரியதல்ல. 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் ஆல்வின் கௌல்ட்னர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு ஜிப்சம் சுரங்கத்தையும் அதன் ஆலையையும் ஆராய்ந்தார். விட்டுப்பிடித்து நடத்திய பழைய மேனேஜர் போய், புதியவர் விதிகளை இறுக்கியபோது, பழையவர் தொழிலாளர் பேச்சில் நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போனார். அந்த ஆலையில் பின்பு முறைப்படி அறிவிக்காத வேலைநிறுத்தம் வந்தது. வெளியே பேசப்பட்டது கூலி. உள்ளே கனன்றுகொண்டிருந்தது பறிபோன சலுகைகள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'பழைய சாரிடம் நேரே போய்ச் சொல்லலாம்' என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் யார் என்று பாருங்கள். பங்களாவுக்குப் பக்கத்து டிவிஷன்காரர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், மூத்த ஆண்கள். தூரத்து டிவிஷனில் கொழுந்தெடுக்கும் பெண் அவரிடம் ஒருமுறைகூடப் பேசியிருக்க மாட்டாள். ஜார்க்கண்ட், ஒடிஷா, அசாமிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்குப் பழையவர் யாரென்றே தெரியாமல் இருக்கலாம். நல்ல மேனேஜரின் நன்மை எல்லோருக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை. புதியவருக்கு இது ஒரு வாய்ப்பு: முதல் மாதம் தூரத்து டிவிஷனிலிருந்து தொடங்கலாம்.

பழையவருக்கு ஃபோன் போட்டுக் கேட்கலாமா?

புதியவர் கேட்கலாம், எழுதாமல் விட்ட தகவலுக்கு. ஸ்டாஃப் கேட்கக் கூடாது. போன மேனேஜரை எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவர் புறப்படும் நாளிலேயே விடுவித்துவிடுங்கள். அவர் அதில் ஒரு வணக்கம் போட்டால்கூட, அன்றைய உத்தரவுக்கு அவர் சம்மதமா என்று ஆராய்ச்சி நடக்கும்.

வந்தவருக்குத் தமிழ் தெரியவில்லை. என்ன ஆகும்?

மொழிபெயர்க்கிறவர் மேனேஜர் ஆகிவிடுவார். ஹெட் கிளார்க்கோ டிரைவரோ, யார் வாய் வழியாகப் புகார் போகிறதோ அவருக்குத் தனி அதிகாரம் வந்து சேரும். 'சார் முடியாதுன்னுட்டார்' என்பது சார் சொன்னதா, அவர் சொன்னதா என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஆளை நம்பாமல் இருவரை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மலையாளிக்குத் தமிழ் புரிந்துவிடும், மூன்று மாதத்தில் பேச்சும் வரும். எழுத்துத்தான் சிக்கல். வேலை நேரம், கழிவு, விடுப்பு பற்றிய எந்த அறிவிப்பும் தமிழில் ஒட்டப்பட வேண்டும், மஸ்டரில் உரக்க வாசிக்கப்படவும் வேண்டும். தொழிலாளர் துறைக்குப் புகார் எழுதத் தெரிந்த மொழி தமிழ் மட்டுமே என்றாலும் தயங்க வேண்டாம். கேரளத்து 1969-ஆம் வருஷ ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தங்கள் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடம் தருகிறது.

போனவர் மேனேஜர் இல்லை, சங்கத்துத் தலைவர். அப்போதும் இதேதானா?

பாதிதான். தலைவர் தலையில் இருந்த வாக்குகள், முன்பணக் கணக்குகள், யாருக்காக எங்கே பேசினார் என்பதெல்லாம் அதே மாதிரி எழுதிவைக்கப்பட வேண்டியவை. ஆனால் சங்கத்தில் மதிப்பு, ஆள் போவதற்கு முன்பே போய்விடக்கூடும். 2015 செப்டம்பரில் மூணாற்றில் போனஸ் குறைப்பை எதிர்த்துப் பெண் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தபோது, எல்லாச் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துத் தாங்களே பேசினார்கள். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் அப்போது வந்தது. தலைவர் யார் என்று கேட்டு வந்தவர்களுக்கு அங்கே ஆள் கிடைக்கவில்லை. தலைவர் ஓய்வு பெறும் யூனிட்டில், அடுத்தவரை மேலிருந்து அறிவிக்கும் முன் அந்தந்த லயத்துப் பெண்களிடம் பேர் கேட்பது குறைந்தபட்ச முன்யோசனை.

நிலைமை சரியாகிறதா, கெடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நான்கு இடத்தில் பாருங்கள். சம்பளத்துக்கு மறுநாள் மஸ்டருக்கு வருகிறவர் எண்ணிக்கையை போன வருஷத்து அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போனவர்கள் சொன்ன நாளில் திரும்புகிறார்களா என்று செக்ரோலில் பாருங்கள். சாயங்கால நிறுவைக்குப் பிறகு பெண்கள் தராசடியில் நின்று பேசுகிறார்களா, எடையைக் கேட்டதும் வாய் பேசாமல் போகிறார்களா என்று கவனியுங்கள். நான்காவது, லயத்துப் பழுதுப் புகார்ப் புத்தகம். புதியவர் வந்த பிறகு புகார் குறைந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கூரை அதே கூரைதான், சொல்லிப் பயனில்லை என்று விட்டிருப்பார்கள். எழுதிய புகார்களில் முதல் பத்தை எடுத்து, வந்த தேதியையும் முடிந்த தேதியையும் எதிரெதிரே போட்டு, மஸ்டர் இடத்தில் ஒட்டுங்கள். அடுத்த மாதம் புகார் கூடும். கூடட்டும்.

பிரிவுபசார விழா எப்படி நடத்துவது?

சுருக்கமாக. கொழுந்து குறைவாக இருக்கும் ஒரு நாளில், வேலை முடிந்தபின், எல்லா டிவிஷனுக்கும் வண்டி விட்டு. சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தி. புதியவர் வந்துவிட்டிருந்தால் அவரை மேடையில் ஏற்றி ஒப்பிட்டுப் பேசவிடாதீர்கள், அவரும் பந்தியில் உட்காரட்டும். போகிறவர் ஒலிபெருக்கியில் புதிய வாக்கு எதுவும் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது ஹெட் கிளார்க்கின் பொறுப்பு. உணர்ச்சி வேகத்தில் "இந்த டிவிஷனுக்கு ரோடு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. ரோடு வரும்வரை அந்தக் கடன் அடுத்து வருகிறவர் பேரில்தான் நிற்கும்.